இடம் மாறிய நெட்வொர்க் கார்டு

அக்டோபர் 2, வியாழன்
காலையிலிருந்து பனிமூட்டம். துணி காயவில்லை. நேற்று ஆயுத பூசை. அப்பா வழக்கம்போல் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துப் பொட்டு வைத்தார். மோட்டார், கவாத்துக் கத்தி, அம்மாவின் தையல் மெஷின், அண்ணன் விட்டுப்போன கணினி.

இன்று கணினியைப் போட்டால் வைஃபை இல்லை. எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில், வரிசையாக உள்ள ஆறு வீட்டுக்கும் அதிலிருந்துதான். அண்ணன் ஜோகூருக்கு வேலைக்குப் போகுமுன் அமைத்தது: கணினிக்குள்ளேயே மென்பொருளால் ஆன இன்னொரு கணினி, விர்ச்சுவல் மெஷின். இணையத்தைப் பிரித்துக் கொடுப்பது அந்த வி.எம்.தான். நெட்வொர்க் கார்டை முழுதாக அதனிடம் ஒப்படைத்திருக்கிறான். இப்போது வி.எம். எழ மறுக்கிறது. திரையில் ஒரே வரி: அந்த எண்ணில் சாதனம் இல்லை.

பக்கத்து வீட்டு செல்வி அக்கா வந்தார். திங்கள் காலை வீடியோவில் நேர்முகம். ஈப்போவில் ஆஸ்பத்திரியில் தாதி வேலை. எத்தனையோ விண்ணப்பங்களுக்குப் பிறகு வந்த முதல் அழைப்பு.

"ரிங்லெட் டவுன்ல சாப்பாட்டுக் கடையில உக்காந்து பேசவா? பின்னால ஒருத்தன் மீ கோரேங் ஆர்டர் எடுத்துக்கிட்டு இருப்பான்லா."

சிரித்தார். நகத்தையும் கடித்துக்கொண்டார்.

அக். 3, வெள்ளி
மழை. போன் சிக்னல் கோயில் பக்கத்துச் சாலை வளைவில்தான். அண்ணன் எடுக்கவில்லை, ஷிப்ட். தகவல் அனுப்பிவிட்டு நனைந்து வந்தேன்.

கார்டு சாகவில்லை. சாதனப் பட்டியலில் இருக்கிறது, வேறு எண்ணில். அண்ணன் எழுதியது 01. இப்போது 03. வி.எம்.முக்குப் புது எண்ணைக் கொடுத்தேன். எழுந்தது! உடனே மொத்தக் கணினியும் உறைந்துவிட்டது. மறுபடி செய்தேன். மறுபடியும் அதே.

கடைசி வீட்டுப் பெரியம்மா வெளியே நின்று, "அந்தப் புள்ளதான் எதையோ நோண்டிடுச்சு" என்றார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். ஆள் வந்தால் அப்படித்தான். பள்ளியிலும் எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் வராது, ஒன்பதாம் வகுப்பில், படிவம் மூன்றோடு, படிப்பை நிறுத்திவிட்டேன்.

அப்பா சண்டைக்குப் போனார். "என் மக தொட்டா எதுவும் கெடாது."

அக். 4, சனி
வளைவில் அண்ணன் பதில்: "அந்தக் கார்டோட குரூப்ல வேற என்ன இருக்கு பாரு." பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்கை நடத்தும் சிப்பும் அதே குரூப். ஒன்றைக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து போகும். டிஸ்க் போனால் கணினி எங்கே நிற்கும்?

சரி, எண் ஏன் மாறியது? மூடியைக் கழற்றினேன். உள்ளே தூசியே இல்லை. அண்ணன் போனில் அனுப்பிய பழைய படத்தில் கார்டு மேல் துளையில். இப்போது கடைசித் துளையில், தகட்டில் சந்தனப் பொட்டோடு. துளை மாறினால் எண்ணும் குரூப்பும் மாறும்.

அப்பா.

தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கும் ஃபிட்டர். எனக்காகச் சண்டை போட்டவர். எப்படிச் சொல்ல?

வாங்க வேண்டியது: வெங்காயம், சவர்க்காரம்.

அக். 5, ஞாயிறு
சாப்பிடும்போது அப்பாவிடம் சொல்லிவிட்டேன், தட்டைப் பார்த்தபடியே.

"ஃபேன் பக்கத்துல சுட்டுக்கிட்டு இருந்துச்சும்மா. பாவம்னு தள்ளிப் போட்டேன்."

கார்டுக்குப் பாவம் பார்த்திருக்கிறார். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். கோபமோ என்று பயந்தேன். ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார்.

"எந்த ஓட்டைன்னு நீ காட்டு."

காட்டினேன். மேல் துளையில் போட்டார். எண்ணை 01 ஆக்கினேன். வி.எம். எழுந்தது. காத்திருந்தோம். உறையவில்லை.

அப்பா குடையோடு ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போனார். "நான்தான் மாத்திப் போட்டேன், அவ சரி பண்ணிட்டா." எல்லா வீட்டிலும் அதே. எனக்குக் காது சூடாகிவிட்டது.

அக். 6, திங்கள்
வெயில். செல்வி அக்கா எங்கள் வீட்டில், கணினி பக்கத்திலேயே. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலி. மறுபடி ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று என்னைக் கேமராவுக்குப் படாமல் தரையில் உட்கார வைத்தார்.

திரையில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மா, தங்கள் பேச்சு கேட்கிறதா என்று மலாயில் கேட்டார். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டார். அக்கா நகத்தைக் கடித்தபடி குனிந்து என்னைப் பார்த்தார்.

"கேக்குது," என்றேன். தமிழில். சத்தமாக.

அந்த அம்மா சிரித்துவிட்டார். அக்காவும். பிறகு அக்கா பேச ஆரம்பித்தார்.