பெயர் எழுதாத அட்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய தயவால் என் மூட்டு வலியைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சுகம், நீயும் பேரனும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தாயிற்று, இனி சண்டைக்கு வருகிறேன். சபைக் கமிட்டியிடம் சேர்க்கச் சொல்லி நீ அனுப்பிய மன்னிப்புக் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. நான் அதைக் கொடுக்கவில்லை, கொடுக்கப் போவதும் இல்லை. அன்றைக்கு அச்சகத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கட்டிங் மெஷின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து நாலு பக்கத்தையும் படித்தேன். பதினோரு வருஷமாக ஒரு ஞாயிறும் தவறவில்லை, ஒருத்தரிடமும் கெட்ட பெயர் எடுக்கவில்லை, பிள்ளையை ஒழுக்கமாக வளர்க்கிறேன், ஆகவே விடுமுறைக்கு வரும்போது என்னைத் திருவிருந்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வேலைக்கு மனுப் போடுகிற மாதிரி எழுதியிருக்கிறாய். அங்கே இருக்கிற போதகரிடம் நற்சான்று வேறு வாங்கி இணைத்திருக்கிறாய். சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்பதை மட்டும்தான் எழுதவில்லை. சாப்பிடாமலே டப்பாவை மூடிவிட்டேன்.

உனக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குக் கோபம் ஒழுங்காக வரும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திருவிருந்து. அதற்கு முன்னால் கமிட்டி கூடி யார் யார் தகுதி என்று பார்த்து, தேறினவர்களுக்கு அட்டை கொடுக்கும். உன் மாமா, அதாவது என் கூடப்பிறந்த அண்ணன், செயலாளர் என்கிற முறையில் ஒவ்வொரு அட்டையிலும் முத்து முத்தாகப் பெயர் எழுதுவார். கடிகாரம் பழுது பார்க்கிற மனுஷர் இல்லையா, ஊரில் எல்லாரும் நிமிஷம் பிசகாமல் ஓட வேண்டும் அவருக்கு. பந்திக்கு முன்னால் பெட்டியோடு நிற்கிறவரிடம் அட்டையைக் கொடுத்தால்தான் அப்பமும் திராட்சரசமும். அட்டை இல்லாதவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். அந்த அட்டையை முப்பத்தொரு வருஷமாக வெட்டிக் கொடுக்கிறவள் நான். இருநூறு அட்டைக்கு இருபத்தைந்து தாள் போதும், ஆனால் அச்சில் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று எப்போதும் மூன்று தாள் கூடுதலாக ஓட்டுவோம். அது இருபத்து நான்கு அட்டை. ஒன்றும் கெடாது, எல்லாம் நன்றாகவே வரும், இருநூறை எண்ணிக் கட்டி அனுப்பிவிட்டு மீதியை நான் கழிவுச் சாக்கில் போடுவேன். ஒரு தடவைகூட அதைப் பற்றி நின்று யோசித்ததில்லை.

உன் கடிதம் வந்த அன்று மெஷினில் இருந்தது இந்தத் தவணைக்கான அட்டைதான், நீல நிறம். ஒவ்வொரு தடவையும் நிறம் மாற்றுவார்கள், பழைய அட்டையை யாரும் கொண்டுவந்துவிடக் கூடாதாம். மீந்த இருபத்து நான்கையும் கையில் எடுத்தேன், சாக்கில் போட மனசு வரவில்லை, பைக்குள் வைத்துக்கொண்டேன். எட்டு நாள் பைக்குள்ளேயே கிடந்தது. திருவிருந்து ஞாயிறு காலையில் சீக்கிரமே போய்ப் பக்கவாட்டு கேட் அருகில் நின்றுவிட்டேன், கடைசி பெஞ்சுக்காரர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு அந்த வழியாகத்தான் வருவார்கள். குடியை விட முடியாத தச்சர், கல்யாணம் பண்ணாமல் சேர்ந்து வாழ்கிற அந்த மாடி வீட்டு ஜோடி, மருந்து திருடிச் சிறைக்குப் போய் வந்த நர்ஸ், இன்னும் பலர். ஆளுக்கு ஒன்றாக நீட்டினேன். பாதிப் பேர் கோர்ட் சம்மன் வந்த மாதிரிப் பயந்து கையை இழுத்துக்கொண்டார்கள். நர்ஸ் மட்டும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கா? நான் என்ன பண்ணேன்?" என்றாள். "ஒண்ணும் பண்ணல. அதனாலதான்" என்றேன். சொன்ன பிறகுதான் நானே என்ன சொன்னேன் என்று யோசித்தேன். ஞாயிறுப் பள்ளியிலிருந்து கிருபை, கிருபை என்று வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறேன், தகுதி இல்லாதவனுக்குக் கிடைக்கிற தயவு என்று மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசாக டம்ளர் கூட வாங்கியிருக்கிறேன். அறுபத்திரண்டு வயதில் கேட் அருகில் நிற்கும்போதுதான் அது மண்டையில் ஏறியது.

பதினோரு பேர் வாங்கிக்கொண்டார்கள், பதினோரு பேரும் பந்திக்குப் போனார்கள். பெட்டியோடு நின்றது யார் தெரியுமா, நீ கல்யாணத்தன்று காலையில் விட்டுவிட்டுப் போனாயே, அந்த மாப்பிள்ளை. இப்போது மருந்துக் கடை வைத்திருக்கிறான், பெண்டாட்டி, இரண்டு பெண் பிள்ளைகள், என்னை இன்னும் அத்தை என்றுதான் கூப்பிடுகிறான். ஒவ்வொரு அட்டையாக வாங்கிப் பெட்டியில் போட்டான், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மாமா வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கொட்டி எண்ணியபோதுதான் பெயர் எழுதாத பதினோரு அட்டை அகப்பட்டது. வெட்டுகிறவள் ஒருத்திதானே, புதன்கிழமை சாயங்காலம் ஆலயத்துக்குப் பின்னால் இருக்கிற அறைக்கு என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். முதலில் அவனைக் கேட்டார்கள். அவன், "கலர் சரியா இருந்துச்சு, வாங்கிப் போட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். போதகர் நல்லவர்தான், ஆனால் உன் மாமா இருமினால் இவருக்கு ஜலதோஷம் பிடிக்கும், மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமாதான் பேசினார். இப்படி ஆளாளுக்கு அள்ளிக் கொடுத்தால் கிருபைக்கு என்ன மரியாதை என்று கேட்டார். "உங்களுக்கும் எனக்கும் குடுத்தப்பவே அதுக்கு மரியாதை போயிடுச்சுண்ணே" என்றேன். யாரோ ஒருத்தர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே எழுந்து போனார். ஒரு வருஷத்துக்கு எனக்கு அட்டை கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள். மன்னிப்புக் கேட்டால் குறைப்பார்களாம். கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெளியே அந்த மாப்பிள்ளைப் பையன் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தான். முதல் அட்டையிலேயே பெயர் இல்லாததைக் கவனித்துவிட்டானாம். ஏன் விட்டாய் என்று கேட்டேன். "அன்னைக்கு அவ போனதுக்கு எனக்கு முன் வரிசைல இடம் குடுத்தாங்க அத்தை, அவளுக்குப் பின் பெஞ்சு. நான் ஒண்ணும் நல்லது பண்ணி அங்க வரல. ஏமாந்தேன், அவ்வளவுதான்" என்றான். பேரனுக்கு என்ன வயது என்று கேட்டான், பத்து என்றேன், தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். நீ செய்தது தப்பு இல்லை என்று நான் மழுப்ப வரவில்லை. பெண்டாட்டி இருக்கிறவனோடு போனாய், நல்லவன் ஒருவனைச் சபை நடுவில் தலைகுனிய வைத்தாய், தப்புதான். தப்பே இல்லையென்றால் கிருபை எதற்கு, பாராட்டுப் பத்திரம் போதுமே. ஆனால் தப்பைப் பதினோரு வருஷம் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, இப்போது சுத்தமாக இருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டி வாங்குவதற்குப் பெயர் கிருபை இல்லை. சிலுவையில் கர்த்தருக்குப் பக்கத்தில் தொங்கி, கடைசி நிமிஷத்தில் பரதீசு வாங்கின கள்ளனுக்கு எந்தக் கமிட்டி அட்டை எழுதிக் கொடுத்தது? உன் மாமாவுக்கும் இந்தக் கிருபை உண்டு என்பதைத்தான் எனக்கு ஒத்துக்கொள்ளக் கஷ்டமாக இருக்கிறது. உன் அப்பா போன பிறகு நம்மை ஐந்து வருஷம் வைத்துச் சோறு போட்டவர், உன்னைத் தோளில் தூக்கிச் சுமந்தவர், அவரை இன்னும் இரண்டு நாள் வெறுத்துவிட்டுப் பிறகு விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். கர்த்தர் அவ்வளவு நேரம் தருவாரா தெரியவில்லை.

இனி எழுதுவது எனக்குக் கஷ்டமானது. ஆறு மாத வயிற்றோடு நீ திரும்பி வந்த அந்த ஞாயிறு, நாம் இரண்டு பேரும் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தோம். பந்தி நேரம் வந்ததும் என் அட்டையை எடுத்துக்கொண்டு நான் எழுந்தேன். நான் போவதற்கு நீ முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாய். நான் போய் வாங்கித் தின்றுவிட்டு, வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் நீ ரயிலேறிவிட்டாய். அன்றைக்கும் இருபத்து நான்கு அட்டை கழிவுச் சாக்கில் கிடந்தது மகளே, என் கையால்தான் போட்டேன். கமிட்டி உனக்குக் கதவை மூடினது பெரிசில்லை, அவர்கள் யாரோ. நான் உன் அம்மா. ஆகவே இந்த வீட்டில் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியவள் நீ இல்லை. இதுதான் அந்தக் கடிதம். என்னிடம் நற்சான்று ஒன்றும் கிடையாது. நீ மன்னிக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை, கேட்டு வாங்க எனக்கு உரிமை இருந்தால் அதற்குப் பெயரும் வேறு.

உன் நாலு பக்கமும் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அது உன் கடிதம், உனக்கு வேண்டுமென்றால் நேராகத் தபாலில் போடு, கமிட்டியின் விலாசம் உனக்குத் தெரியும். என் கையால் மட்டும் போகாது. விடுமுறை தொடங்கும் தேதியை எழுது, பேரனின் சட்டை அளவையும் எழுது, போன தடவை தைத்தது பத்தாமல் போனதாகச் சொன்னாய். ராத்திரி ஈரத் தலையோடு படுக்காதே. கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் நீங்கள் கேட்டதற்கும் மேலாக, கேட்கத் தெரியாததற்கும் சேர்த்து ஆசீர்வதிப்பாராக. வரும்போது கையை வீசிக்கொண்டு வா. பந்திக்கு யார் வேண்டுமானாலும் எழுந்து போகட்டும், இந்தத் தடவை நான் எழ மாட்டேன்.

இப்படிக்கு,
கடைசி பெஞ்சில் இரண்டு பேருக்கு இடம் பிடித்து வைத்திருக்கும்
உன் அம்மா