பிள்ளை நித்திரை

ஆடி 9, செவ்வாய்

கச்சான் காற்று. சைக்கிள் கடை முழுக்கப் புழுதி. இரண்டு ரியூப் ஒட்டு, ஒரு செயின்.

மத்தியானம், கடைக்குப் பின்னால் வீட்டில், மகள் ஆரணி கட்டிலால் விழுந்தாள். கட்டில் என் முழங்கால் உயரம்கூட இல்லை. அழவில்லை. கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். எப்போதும் ஆடுகிறவள்தானே என்று கடைக்குத் திரும்பிவிட்டேன். பின்னேரம் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அவளின் தாய் சுமதி என்னைப் பார்த்த பார்வை, எழுத விருப்பமில்லை.

இடையில் எங்கள் தெரு மணியக்கா சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தார். "எங்கை தம்பி, உங்கட மகளைக் காணக் கிடைக்குதேயில்லை?"

"பிள்ளை நித்திரை, அக்கா."

எட்டு வயதுப் பிள்ளை, யார் கேட்டாலும் நித்திரை. ஓட்டிசம் என்று கிளினிக் கொப்பியில் இருக்கிறது. நான் ஒருவரிடமும் வாயால் சொன்னதில்லை.

ஆடி 10, புதன்

ஆஸ்பத்திரி. பஸ்ஸில் சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னலால் வெளியே பார்த்தேன், யாரோ போல. எக்ஸ்ரே. முறிவுதான். பிளாஸ்ரர் போட மூன்று பேர் பிடித்தோம்.

டொக்டர் இளம் பிள்ளை. "இவ்வளவு பதிஞ்ச கட்டில்ல இருந்து விழுந்து முறியிறதெண்டால் யோசிக்கோணும். என்ன சாப்பிடுறவா?"

சுமதி சொன்னாள்: வெறுஞ்சோறு, பிஸ்கட், அப்பளம். பால் மணந்தாலே ஓங்காளிப்பாள்.

"இப்பிடிப் பிள்ளையள் கனபேர் இப்பிடித்தான் அம்மா. எலும்புக்குச் சத்துக் காணாமல் போயிடும். உங்கட பிழையில்லை. வெயில்ல விளையாடுறவாவோ?"

சுமதி என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அப்போதுதான் ஆரணி, என் குரலில், என் இழுவையோடு:

"பிள்ளை நித்திரை, அக்கா."

டொக்டர் சிரித்தார். "முழிச்சுத்தானே இருக்கிறீங்கள்!"

"பிள்ளை நித்திரை, அக்கா."

அவள் முழுதாகச் சொன்ன முதல் வசனம். இன்னும் "அப்பா" என்றுகூடச் சொன்னதில்லை. கதவுக்குப் பின்னால் இருந்து இதைத்தான் படித்திருக்கிறாள்.

ஆடி 12, வெள்ளி

புதன்கிழமை எடுத்த இரத்தச் சோதனையின் முடிவு வந்தது. விற்றமின் டி நன்றாகக் குறைவு. துளி மருந்து. சோற்றில் விட்டால் கண்டுபிடித்துவிடுகிறாள், பிஸ்கட்டில் விட்டால் தின்கிறாள். எலும்புக்கு நல்லதென்று நெத்தலிக் கருவாட்டை மொறுமொறுவென்று பொரித்து, அப்பளம் என்று சொல்லிக் கொடுத்தோம். துப்பினாள். பிறகு தானே ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

காலை வெயில் கட்டாயமாம். நாய்கூட நிழல் தேடி ஓடுகிற ஊரில் என் பிள்ளைக்கு வெயில் காணாதாம்! சீ, நானும் ஒரு தகப்பன்.

பின்வளவில் விடுவோம் என்றேன். சுமதி சட்டியை டங்கென்று வைத்தாள். "அங்கை முழுக்க வேப்பமர நிழல். காலமை வெயில் கடை வாசல்லதான் விழுது. உங்களுக்கு அவளைச் சுகப்படுத்தோணுமோ, மறைக்கோணுமோ?"



ஆடி 13, சனி

காற்றுக் குறைவு. கடை வாசலில் கதிரை போட்டு ஆரணியை இருத்தினேன். ஒரு சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்திப் பின்சில்லைச் சுற்றிவிட்டேன். சிரித்தாள், வாய் நிறைய. சைக்கிள் கடைக்காரனின் மகள், இதுவரை ஒரு சில்லு சுற்றுவதைப் பார்த்ததில்லை.

மணியக்கா வந்தார். ஆரணியைக் குழந்தையில் பார்த்ததோடு சரி.

"ஆர் தம்பி இது? சொந்தக்காரப் பிள்ளையோ?"

"ஓம்."

அப்படித்தான் வந்தது. யோசிக்கவேயில்லை, பழகிய நாக்கு.

ஆரணி சில்லில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "பிள்ளை நித்திரை, அக்கா."

மணியக்கா அவளைப் பார்த்தார். பிறகு என்னை. காற்றடிக்காமலே சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

நான் தெருவுக்கு ஓடினேன். "அக்கா! என்ர மகள்! அது என்ர மகள், அக்கா!"

திரும்பவில்லை. மற்ற எல்லோரும் திரும்பினார்கள்.