ஒரு நாள் தள்ளிக் கேட்கச் சொன்னேன்

ஒஹாயோ,
14 அக்டோபர் 2012, ஞாயிறு

அன்புள்ள கொலீனுக்கு,

எங்கள் இருவருக்கும் உடம்புக்குக் குறை ஒன்றுமில்லை. அலாஸ்காவில் இதற்குள் பனி தொடங்கியிருக்கும், நீயும் பிள்ளைகளும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். நீ அனுப்பிய புகைபோட்ட மீன் வந்து சேர்ந்தது, அதில் பாதியை உன் அப்பா நின்றபடியே தின்றுவிட்டார். இங்கே வீட்டில் நாங்கள் பேசுவதைவிடத் தொலைக்காட்சியில் வேட்பாளர்கள் பேசுவதுதான் அதிகம். பொருளாதாரம் எழுந்துவிட்டது என்கிறார் ஒருவர், படுத்தே கிடக்கிறது என்கிறார் அடுத்தவர். போனை எடுத்தால் பதிவு செய்த குரல் ஓட்டுக் கேட்கிறது, அப்பா அதோடும் சண்டை போடுகிறார். புல்வெளியில் வழக்கம்போல இரண்டு தேர்தல் பலகைகள், வாசல்படிக்கு இந்தப் பக்கம் என் கட்சி, அந்தப் பக்கம் அவர் கட்சி. புல் வெட்டும்போது என் பலகை மட்டும் இரண்டு முறை சாய்ந்தது. கேட்டால் காற்று என்றார்.

வேலையில்லாதவர்களின் விகிதம் எட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று போன வாரம் முழுக்கப் பேச்சு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் டீச்சர் புத்தி என்னை விட்டுப் போகவில்லை, ஓர் உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் முப்பது பேர், ஐந்து பேர் வரவில்லை. அந்த ஐவரில் மூவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்தே அடித்துவிட்டால் வருகை விகிதம் ஏறிவிடும், பிள்ளை ஒன்றுகூட அதிகமாக வந்திருக்காது. தேடித் தேடி அலுத்து நின்றுவிட்டவர்களை அந்தக் கணக்கு இப்படித்தான் விட்டுவிடுகிறது. உன் தம்பி வெஸ்லி இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறான். அவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம், சுற்றி வளைத்தது போதும்.

வாஷிங் மெஷின் தொழிற்சாலை மூடிப் பதினாறு மாதம் ஆகிறது. அவனுக்கு வரும் உதவித்தொகையை வாஷிங்டனில் நீட்டிக்காவிட்டால் வருஷக் கடைசியோடு நிற்கும். அதை நீட்டிப்பேன் என்றுதான் எங்கள் தொகுதியில் என் கட்சிக்காரர் மக்கள் சபைக்கு நிற்கிறார். வியாழக்கிழமை காலை கண்காட்சி மைதானத்தில் அவருடைய கூட்டம் இருந்தது. கட்சி அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் டாரிஸ் ஒரு வாரம் முன்பே வந்து, “மேடைக்குப் பின்னாடி நின்னா போதும் வெஸ்லி. பழைய கம்பெனி ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு வா, அவர் உன் பேரைச் சொல்லி ரெண்டு வார்த்தை பேசுவார்” என்றாள். அவனும் சரி என்றான்.

செவ்வாய்க்கிழமை அவன் என் சமையலறையில் இருந்தபோது அட்டைப்பெட்டி ஆலையிலிருந்து போன் வந்தது. மணிக்குப் பன்னிரண்டு டாலர், பழைய சம்பளத்தில் பாதி, ஆனாலும் வேலை. வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார்கள். போனைக் கையால் மூடிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். நான்தான் கொலீன், நான்தான் சொன்னேன், ஒரு நாள்தானே, வெள்ளிக்கிழமை வரலாமா என்று கேட்டுப் பார் என்று. கேட்டான். போனில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள், விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். புதன்கிழமை அழைப்பு வரவில்லை. வியாழக்கிழமை அவன் மேடைக்குப் பின்னால் நின்றான், ஜாக்கெட் வயிற்றில் இறுகிப் பொத்தான் போட முடியவில்லை. வேட்பாளர் அவன் பெயரைச் சொன்னார், கை தட்டினார்கள், அரை நிமிடத்தில் பேச்சை நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மாற்றிவிட்டார். வெள்ளிக்கிழமை வெஸ்லியே ஆலைக்குப் போன் செய்தான். இடம் நிரம்பிவிட்டதாம்.

உதவித்தொகை வந்துகொண்டே இருந்தால் எவன் விடிகாலையில் எழுந்து வேலைக்குப் போவான் என்று உன் அப்பா மாதக்கணக்காகச் சொல்லிவந்தார், நானும் விடாமல் மல்லுக்கு நின்றேன். இப்போது அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நேற்று ஆப்பிள் பை பலகாரத்தை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து, அது கரியாகிவிட்டது.

இன்று தேவாலயம் முடிந்து, உதவித்தொகைக்கான வாராந்திரப் படிவத்தை நிரப்ப வெஸ்லி நம் வீட்டுக் கணினிக்கு வந்தான். அதில் ஒரு கேள்வி உண்டு, இந்த வாரம் கிடைத்த வேலை எதையாவது மறுத்தீர்களா என்று. ஆம் என்றால் விசாரணை, தொகை இப்போதே நின்றாலும் நிற்கும். நீ மறுக்கவில்லையே, ஒரு நாள் தள்ளித்தானே கேட்டாய் என்றேன். அவன் சிரித்துவிட்டான். “அம்மா, வகுப்புல நான் இப்படி எழுதியிருந்தா நீ மார்க் போட்டிருப்பியா?” என்று கேட்டுவிட்டு ஆம் என்பதை அழுத்தினான். தப்பு என்னுடையதுடா என்றேன். திரையைப் பார்த்தபடியே சொன்னான், “நீ சொன்னதால இல்லம்மா. எனக்கே ஆசையா இருந்துச்சு. பதினாறு மாசமா படிவத்துலதான் என் பேரு இருக்கு. யாராவது ஒருத்தர் சத்தமா சொல்லட்டுமேன்னு இருந்துச்சு.”

அந்தப் பேச்சுக்குப் பிறகு என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஆலைக்குப் போய் நானே பேசுகிறேன் என்றேன். நாற்பத்தோரு வயதுக்காரனுக்கு அம்மா வந்து நிற்பதா என்று தடுத்துவிட்டான். புதிதாகச் சேர்ந்தவர்களில் முதல் வாரத்திலேயே ஒருவர் இருவர் வேலையை விட்டுவிடுவார்களாம், அந்த இடம் கிடைக்குமா என்று நாளை ஆறு மணிக்கு அழைப்பு இல்லாமலே வாசலில் போய் நிற்கப்போகிறான். உன் தம்பியின் வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் உன் அப்பா காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவனிடம், அஞ்சரைக்கு வர்றேன், தயாரா இரு என்றார்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நீங்கள் எல்லோரும் சுகமாக, ஒற்றுமையாக இருக்கக் கடவுள் துணை செய்யட்டும். தபாலில் ஓட்டுப் போடுவதானால் உறைமேல் கையெழுத்திட மறக்காதே, யாருக்கு என்பது உன் விருப்பம். வெஸ்லிக்குப் போன் செய், ஆனால் வேலையைப் பற்றி அவனாகச் சொல்லும்வரை கேட்காதே.

என்றும் உன் நினைவோடு,
அம்மா (லொரெட்டா)