பதினாறு புள்ளிகள் நிற்க மறுத்த ஜூன்

ஜூன் 9
கூடாரம் கட்டி முடிந்தது. நானூறு ஆடு, முப்பத்திரண்டு குதிரை, அம்மா, அப்பா, நான். கீழே பதினோரு கிலோமீட்டரில் நர்யின் நகரம், யாரோ தீப்பெட்டியைக் கவிழ்த்த மாதிரி. அங்கே சித்தப்பா வீட்டுக் கூரையில் ஒரு தட்டு ஆன்டெனா, இங்கே ஒன்று. நடுவில் ஓட வேண்டியது சிய்மிக்கும் நானும் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து செய்த ரேடியோ. சிய்மிக் சித்தப்பா மகன். என்னைவிட எட்டு மாதம் சின்னவன். அதை நான் அவனை மறக்க விடுவதில்லை.

பதினைந்தாம் தேதி பிஷ்கெக் இயற்பியல் பள்ளியின் நுழைவு வகுப்பு தொடங்குகிறது, வீடியோவில். மூன்று வகுப்பு தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள். செல்போனில் இங்கே மேட்டின் மேல் ஏறினால் பேச மட்டும் முடியும். ஆக, ரேடியோதான் கதி.

ஜூன் 11
சிக்னல் சுத்தமாக இருந்தால் திரையில் பதினாறு புள்ளிகள் சதுரமாக அணிவகுத்து நிற்க வேண்டும். நின்றது பதினாறு பஞ்சுமூட்டை.

மேட்டில் ஏறி சிய்மிக்கைக் கூப்பிட்டேன்.
"ஆம்ப்ளிஃபையர் சூடாவுதா?" என்றான்.
"ரொட்டி சுடலாம்."
"அப்போ உச்சி வெட்டுப்படுதுடீ."

அறுபத்து நான்கு அலைகளைச் சேர்த்து அனுப்புகிறோம். ஒன்று ஏறினால் ஒன்று இறங்கும், கணக்கு சரியாகிவிடும். எப்போதாவது எல்லாம் ஒன்றாக ஏறும், கல்யாண வீட்டில் அத்தைகள் எல்லோரும் ஒரே நொடியில் வாய் திறப்பது மாதிரி. அந்த உச்சியை ஆம்ப்ளிஃபையர் தாங்காமல் நறுக்கிவிடுகிறது. சக்தியைக் குறைத்தால் நகரம்வரை எட்டாது.

ஜூன் 12
குமிஸ், அதாவது தோல்பையில் புளிக்கும் குதிரைப்பால், அதைக் கடைவது என் வேலையாம். தோல்பைக்கும் எனக்கும் ஒரே உயரம். கூடாரத்துக்குள் வருகிறவர்கள் மத்தைப் பிடித்து நாலு குத்துக் குத்திவிட்டு உட்காருவது வழக்கம்தானே. பக்கத்துக் கூடாரத்துத் தோக்தோசுன் மாமாவிடம் சொன்னேன்: நூறு குத்துக் குத்தினால் பிறக்கிற குட்டிக்கு நெற்றியில் நட்சத்திரம்.
"யாரு சொன்னா?"
"பிஷ்கெக்ல ஆராய்ச்சி பண்ணிருக்காங்க மாமா."
நூற்றுப் பன்னிரண்டு குத்தினார். என் கைகளுக்குக் கோடை விடுமுறை.

ஜூன் 13
சிய்மிக் கண்டுபிடித்துவிட்டான். "அத்தைங்கள அடக்க முடியாது. ஆனா பேசப்போற விஷயத்த முன்னாடியே கலந்து எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்துட்டா, சேர்ந்து கத்த மாட்டாங்க." நிரலில் ஒரே ஒரு வரி. உச்சி பாதியாகிவிட்டது. ஆம்ப்ளிஃபையர் தொட்டால் வெதுவெது. பதினாறும் ஊசிமுனை. அவனைப் பாராட்டவில்லை, கெட்டுப்போவான்.

ஜூன் 15
முதல் வகுப்பு. இருபது நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு புள்ளிகள் சுற்றிச் சுற்றி இழுபட்டுப் பதினாறு பிறைகள் ஆயின. படம் உறைந்து போயிற்று. ஒன்று தவறியது.

ஜூன் 17
ரெண்டாவதும் போச்சு.
அலையின் தாளம் நடுங்கும் இந்த நோய்க்குப் பெயர் கட்ட இரைச்சல். எனக்குக் கட்டம் சரியில்லை, அவ்வளவுதான். தெரிந்த சில புள்ளிகளை நடுநடுவே செருகிப் பார்த்தோம், மந்தையில் மணி கட்டிய ஆடு மாதிரி. அது எங்கே நிற்கிறது என்று பார்த்து மொத்த மந்தையையும் திருப்பிவிடலாம். மெதுவான சுழற்சி நின்றது. நடுக்கம் நிற்கவில்லை.

"போதும்டி மீரிம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றாள் அம்மா. அடுத்த வருஷம் எனக்குப் பதினேழு. எடுத்துக்க மாட்டாங்கம்மா.

ஜூன் 18
திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். புள்ளிகள் சமர்த்தாக நின்றன. மத்தியானம், வகுப்பு நாட்களில் வந்த அதே நேரத்துக்கு, தோக்தோசுன் மாமா மச்சான்கள் இருவரோடு வந்தார். ஆளுக்கு நூறு. ஒவ்வொரு குத்துக்கும் பதினாறு புள்ளியும் இழுபட்டன.

தோல்பை கட்டியிருப்பது கூடாரத்தின் மரத்தட்டிச் சுவரில். ரேடியோவுக்குத் தாளம் போடும் படிகப் பெட்டியை நான் கட்டியிருப்பதும் அதே சுவரில். அந்தப் படிகத்தின் துடிப்பை இருநூற்று நாற்பது மடங்கு பெருக்கித்தான் எங்கள் அலையே பிறக்கிறது. அது முடியளவு நடுங்கினாலும் அந்த நடுக்கமும் சேர்ந்து பெருகும். ஆக, வகுப்பைக் கெடுத்தது மலையுமில்லை, காற்றுமில்லை. நான்.

"மாமா, அந்த ஆராய்ச்சி பொய்."
"தெரியும்மா. நாப்பது வருஷமா குதிர வளக்கறேன். குமிஸ் நல்லா வந்துச்சு, அதான் குத்தினேன்."

வகுப்பு நேரத்தில் மட்டும் யாரும் கடைய வேண்டாமே என்றேன். அப்பா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "வந்தவங்க கையத் தடுக்கறதா? இந்தக் கூடாரத்துல நடக்காது."

அப்படியானால் படிகம்தான் வெளியேற வேண்டும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி, பெட்டியை வாளிக்குள் தொங்கவிட்டேன். சுற்றிலும் கழுவாத ஆட்டு ரோமம். கூடாரத்துக்கு வெளியே பத்தடி தள்ளிக் குழி தோண்டி வாளியை இறக்கி, கம்பளத்துண்டால் மூடினேன்.

ஜூன் 19
மூன்றாவது வகுப்பு. பத்தாவது நிமிடம் மாமா வந்துவிட்டார். குத்தினார். பதினாறும் அசையவில்லை.
"பின்னாடி என்ன சத்தம்?" என்று ஆசிரியை கேட்டார்.
"விருந்தாளிங்க டீச்சர்."
"சரி, மூணாவது கணக்க நீ போடு."
போட்டேன்.

ஆகஸ்ட் 10
தேர்வு. நர்யின் பள்ளிக்கூடத்தில். கடைசிக் கேள்வி மட்டும் பாதி.

செப்டம்பர் 3
பிஷ்கெக் விடுதி, நான்காவது மாடி. ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல். பக்கத்துக் கட்டில்காரி தூக்கத்தில் வாய்ப்பாடு சொல்கிறாள். நாளை தப்பாகத் திருத்திவிடலாம் என்றிருக்கிறேன்.

மந்தை இறங்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. சிய்மிக் தட்டைக் கழற்றவில்லை. மாலையில் அம்மா மேலிருந்து வீடியோவில் வந்தாள், பெரும்பாலும் மோவாய் மட்டும். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். போனைத் தள்ளிப் பிடித்தேன்.
"சிக்னல் போயிருச்சும்மா. உன் மூஞ்சி தெரியல."
"எனக்கு நல்லாத்தான் தெரியுது," என்றாள். "மூக்கத் துடை."