கூண்டுக்குள் வைத்த கை

நெய்யூர்
12.1.2009

அன்பு மகள் பிரீனாவுக்கு,

அப்பா எழுதுவது. தொலைபேசியில் பாதி என் காதில் விழுவதில்லை. மீதியைச் சொல்லத் தைரியம் வருவதில்லை. ஆகவே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. புத்தாண்டுக்கு வந்தபோது நீ விட்டுப்போன வெள்ளெலியின் நிலை.
2. அதனால் எனக்கு உண்டான அருவருப்பு.
3. பேறுகாலத்துக்கு நீ இங்கே வரவேண்டாம் என்று நினைப்பதன் காரணம்.

உன் விடுதியில் பிராணிகளை அனுமதிப்பதில்லை என்றதால் ஏற்றுக்கொண்டேன். ஒன்று என்று சொல்லித் தந்தாய். ஒன்பதாம் தேதி காலையில் தாயோடு சேர்த்து எட்டு இருந்தன. உன் கணவர் அனீஷ் விடுப்பில் வந்து கடையில் வாங்கும்போதே அது சினையாக இருந்திருக்க வேண்டும். குட்டிகள் உரித்த இறால் போலக் கிடந்தன. கண் திறக்கவில்லை, மயிர் இல்லை. குடித்த பால் தோலுக்குள்ளே தெரிந்தது. அன்று காலை என்னால் சாப்பிட முடியவில்லை.

நாற்றம் தாங்காமல் மறுநாள் கையுறை மாட்டிக்கொண்டு, குட்டிகளை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, கூண்டைப் பினாயில் விட்டுக் கழுவினேன். புது மரத்தூள் பரப்பினேன். மாலையில் ஐந்து குட்டிகளே இருந்தன. தாயின் வாயோரம் ரத்தம். மரத்தூளில் சின்னதாய் ஒரு கால்.

இரண்டாவதைப் பற்றி அதிகம் எழுதவேண்டியதில்லை. பெற்றதைத் தின்ற பிராணிக்குத் தினமும் சூரியகாந்தி விதை போடுகிறேன். அதைக் கன்னத்துக்குள் அடைத்துக்கொண்டு, வீங்கிய முகத்தோடு என்னையே பார்க்கிறது. குமட்டுகிறது.

மூன்றாவது. சமைக்க வந்த கிரேசி, "சாரே, எலிக்குப் பேறுகாலம் பாக்கியளே, மோளுக்குப் பாக்க மாட்டியளா?" என்றாள். யோசித்தேன். உன் அம்மா ராகேல் இருந்திருந்தால் வேறு. ஈரத்துணிக்கும் கக்கலுக்கும் முகம் சுளிப்பவன் வீட்டில் பச்சைப்பிள்ளை இருக்கக்கூடாது. அருவருப்பு உள்ள கை, பிள்ளை வளர்க்கிற கை அல்ல. இராஜாக்கமங்கலத்தில் உன் மாமியார் பார்த்துக்கொள்வார்.

உன் அப்பா,
ஜான்ரோஸ்


சென்னை
17.1.2009

அப்பாவுக்கு,

மூன்றாவது குறிப்பை வாசித்துவிட்டு, விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

முதலில் லட்டு. அதற்குப் பெயர் உண்டு அப்பா. கடைக்காரரிடம் கேட்டேன். குட்டி போட்டு இரண்டு மூன்று வாரம் கூண்டில் கையே வைக்கக்கூடாதாம். பினாயில் வாடை பட்டால் தன் குட்டி என்றே தாய்க்குத் தெரியாதாம், மிரண்டு தின்றுவிடுமாம். நீங்கள் சுத்தம் செய்தது போதும். அந்த வாரங்கள் கழிந்த பிறகு வாடையில்லாத கையைக் கூண்டுக்குள் வைத்து அசையாமல் இருங்கள். நீங்கள் பிடிக்க வேண்டாம். அதுவே வரட்டும்.

மாமியார் நல்லவர்தான். விடியுமுன் மீன் எடுக்கப் போனால் மத்தியானம்தான் வருவார்; ஆனாலும் கேட்டால் பார்ப்பார். அதல்ல விஷயம். நான் பிறந்து மூன்று மாதம் நீங்கள் என்னைத் தூக்கவில்லை என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். நான் ஒருநாளும் சிரித்ததில்லை. என்னைக் கண்டும் குமட்டியதா? அனீஷ் ஷார்ஜாவில் இருக்கிறார். ஏழாம் மாதம் என்னை அழைத்துப்போக யார் வருவது என்பதை உங்கள் பதிலைப் பார்த்து முடிவு செய்கிறேன்.

பிரீனா


நெய்யூர்
9.2.2009

மகளே,

பதில் தெரியும். எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

ஆம், குமட்டியது. ஆஸ்பத்திரியில் உன் அம்மா உன்னை நீட்டியபோது உன்மேல் மாவு அப்பியதுபோல் இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சளி பிடித்திருக்கிறது என்றேன். மூன்று மாதம் அதே சளியைச் சொன்னேன். உன் அம்மா ஒருநாளும் மருந்து தரவில்லை.

குட்டிகளைத் தின்றது லட்டு. தின்ன வைத்தது நான். உன் கடிதம் வந்தபின் பத்து நாள் கூண்டைத் தொடவில்லை. சோற்றில்கூட அந்த நாற்றம் அடித்தது. பிறகு தினமும் மாலை ஆறு மணிக்கு அரைமணி நேரம் கையை உள்ளே வைத்தேன். முதல் நாள் லட்டு கடித்தது. நான்காம் நாள் முகர்ந்தது. ஏழாம் நாள் விரலிடுக்கிலிருந்து விதையை எடுத்தது. நேற்று ஒரு குட்டி தானாகவே உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் ஈரம்.

"கைய எடுங்க சாரே, மோளுது!" என்று கிரேசி கத்தினாள்.

"தெரியுது."

"பின்ன எதுக்கு வச்சிட்டு இருக்கிய?"

"இப்ப எடுத்தா விழுந்துரும்."

மணிக்கட்டு வரை வழிந்தது. குட்டி முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக இறங்கிப்போன பிறகுதான் கையை எடுத்தேன். மூன்று முறை சோப்புப் போட்டேன்.

இருபத்தெட்டாம் தேதி உன்னை அழைத்துப்போக வருகிறேன். ரயிலுக்குப் பதிவு செய்தாயிற்று. நீ வேண்டாம் என்றால் தனியே திரும்புவேன். உன் அம்மாவின் அறைக்கு வெள்ளையடித்திருக்கிறேன்.

முதல் கடிதத்தில் இரண்டாவதாக எழுதியது இன்றும் சரி, அருவருப்பு போகவில்லை. மூன்றாவதாக எழுதியது தவறு.

அப்பா