தலையணையில் வைக்காத இலை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லாரும் நலம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போன மருமகள் மாதிரி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், நீ எழுதினால்தானே எனக்கு நிச்சயமாகத் தெரியும். போனில் கேட்கலாமே என்பாய். போனை எடுத்தால் உன் தம்பி பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறான், ஸ்பீக்கரில் போடு என்கிறான், பிறகு நான் என்னத்தைப் பேச. அதனால்தான் கடிதம். நம் கடைக்கு எழுதுவதற்கென்று நீ தேர்ந்தெடுத்துக் கொடுத்தாயே ஒரு பெண், அவளை மாதக் கடைசியோடு நிறுத்தப்போவதாக உன் தம்பி உனக்குச் சொல்லியிருப்பான். இல்லாததை எழுதிக் கடை மானத்தை வாங்கிவிட்டாள் என்றும் சொல்லியிருப்பான். அதில் பாதிதான் நிஜம். மீதிப் பாதியை நான் எழுதுகிறேன், உட்கார்ந்து நிதானமாகப் படி.

மெத்தைக் கடைக்கு எதற்கடி கன்டென்ட் ரைட்டர் என்று நான் அன்றைக்கே கேட்டேன், நீதான் காதில் வாங்கவில்லை. மெத்தையைத் தொட்டுப் பார்த்து, உட்கார்ந்து பார்த்து வாங்குகிறவர்களுக்கு எழுத்து எதற்கு, படித்தா தூங்கப் போகிறார்கள். அதற்கு நீ, இப்போது எல்லாரும் முதலில் போனில் பார்த்துவிட்டுத்தான் கடைக்கே வருகிறார்கள் என்றாய். முதலில் உன் தம்பி தானாக ஒருவனைப் பிடித்தான் ஞாபகம் இருக்கிறதா, அவன் நம் மெத்தையில் படுத்தால் மேகத்தில் மிதக்கலாம் என்று எழுதினான். மேகத்தில் மிதந்தால் நனைந்துதானே போவோம், நனைந்த மெத்தையை எவன் வாங்குவான். அடுத்து வந்தவன் மாதிரிக்கு அனுப்பிய கட்டுரைகளை மருமகள் எனக்குப் படித்துக் காட்டினாள். செருப்புக் கடைக்கு எழுதியதும் தண்ணீர்த் தொட்டிக்கு எழுதியதும் ஒரே கட்டுரை, பெயரை மட்டும் மாற்றியிருந்தான். மருமகள்தான் கண்டுபிடித்தாள். அவளைப்பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு, ஆனால் கண் கூர்மை. இன்னொருத்தி நீங்க என்ன சொன்னாலும் அப்படியே எழுதித் தரேங்க என்றாள், அப்படிச் சொல்கிறவர்கள் பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன், வேண்டாமென்று நானே சொல்லிவிட்டேன். கடைசியில் வந்தவள்தான் இந்தப் பெண். ஒரு சின்ன வேலை கொடுத்துப் பார், திரும்பக் கேள்வி கேட்டால் எடுத்துக்கொள் என்று நீ சொன்னாய். கேட்டாளே கேள்வி! நான் அவளுக்குக் கேள்விக்காரி என்றே பெயர் வைத்துவிட்டேன்.

பஞ்சு எங்கிருந்து வருகிறது, உறைத் துணி கொடுக்கிறவர் யார், எத்தனை முறை அடிக்கிறீர்கள், மெத்தைக்கு நடுவில் ஏன் தையல் போடுகிறீர்கள், பழைய மெத்தையைப் பிரித்துத் தைக்க வருகிறவர்கள் என்ன குறை சொல்கிறார்கள், இப்படிக் காலையில் வந்தால் வாய் ஓயாது. பெரிய ஊசியைக்கூடப் படம் எடுத்தாள். சொன்னதையெல்லாம் போனில் ஏற்றிக்கொள்கிறாள். எழுத வந்தவளுக்குத் துணிக்காரர் யாரென்று எதற்கு? எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. உன் சித்தப்பா நம்மைவிட்டுப் பிரிந்து போய் நம் தெருமுனையில் கடை போட்டபோது நம் துணிக்காரரைத்தான் முதலில் வளைத்தார், நீலக் கோடு போட்ட துணி அதோடு நமக்கு வராமல் போனது. அதைச் சொல்ல வந்த அன்று துணிக்காரர் சட்டையில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் இல்லை, பின் குத்தியிருந்தார். நீங்கள் எல்லாரும் மறந்துவிட்டீர்கள், நான் மறக்கவில்லை. அப்படியிருக்க ஒரு நாள் சாயங்காலம் மாடி ஜன்னலில் நின்று பார்க்கிறேன், இந்தப் பெண் சித்தப்பா கடை வாசலில் நிற்கிறாள். பஸ் நிற்கிற இடம் அதுதான், எனக்கும் தெரியும், நானும் அங்கே நின்றிருக்கிறேன். ஆனால் நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பேன். இவள் திருப்பாமல் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள். அது போதாதா எனக்கு?

உன் தம்பியிடம் சொன்னால் உங்களுக்கு எல்லார் மேலயும் சந்தேகம்தாம்மா என்பான். அதனால் நானே ஒரு பொறி வைத்தேன். மறுநாள் அவள் வந்து, உங்க தலையணையில மத்த கடையில இல்லாத விசேஷம் ஏதாவது உண்டா பாட்டி என்று கேட்டாள். பக்கத்து வீட்டு எலுமிச்சை மரம் ஜன்னலில் தெரிந்தது. சட்டென்று சொன்னேன், காய்ந்த எலுமிச்சை இலையை ஒரு கைப்பிடி தலையணை மூலையில் வைத்துத் தைப்போம், படுத்த மாத்திரத்தில் தூக்கம் வரும், என் மாமியார் காலத்துப் பழக்கம், வேறு எந்தக் கடைக்கும் தெரியாது என்றேன். பஞ்சுக்குள் இலை வைத்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், நீ மெத்தைக் கடையில் தவழ்ந்தவள். ஈரம் கோத்துக்கொள்ளும், பூச்சி வைக்கும், உதிர்ந்து கன்னத்தில் குத்தும். இவள் போய்ச் சித்தப்பாவிடம் சொல்லட்டும், அவர் ஆசைப்பட்டு வைக்கட்டும், அவர் தலையணையெல்லாம் பூச்சி பிடித்துத் திரும்பி வரட்டும், உளவு சொல்வது யாரென்றும் தெரிந்துவிடும், பழைய கணக்கும் தீரும் என்று நினைத்தேன். அவள் நிஜமாவா பாட்டி என்று கேட்டாள், நிஜமென்றேன். ஒன்றைப் பிரித்துக் காட்டச் சொன்னாள், தைத்ததைப் பிரித்தால் வாங்குகிறவர்களுக்கு ஆகாது என்றேன். அவளுக்கு வேறு வழியில்லை பார், எது சந்தேகமானாலும் அம்மாவைக் கேளு, அவங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும் என்று உன் தம்பியே சொல்லி வைத்திருந்தான்.

சித்தப்பா கடையில் இலை வருகிறதா என்று நான் ஜன்னலில் கண் வைத்துக் காத்திருக்க, இலை நம் வெப்சைட்டிலேயே வந்து நின்றது. எழுதியதை மருமகள் ஒரு முறை படித்துப் பார்த்த பிறகுதான் போட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த வாரம் மருமகள் அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று போயிருந்தாள், உன் தம்பி படித்தும் பார்க்காமல் போட்டுடு என்று சொல்லிவிட்டான். அவன் பங்கு அது, அதை அவன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் கடைக்கு வந்து, எங்க பெரியவங்க ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டே கிடக்கறாங்க, அந்த இலைத் தலையணை எல்லாருக்கும் வேணும் என்று கேட்டாள். நம் தையல்காரர் வாயில் நூலை வைத்துக்கொண்டே சிரித்தார், பஞ்சுல இலையா, மெத்தைக்குள்ள தோட்டமே போட்டுடலாமே என்றார். உன் தம்பி முகம் சுருங்கிவிட்டது. அந்த அம்மாளிடம் பிறகு சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டான். யாரைக் கேட்டு இதை எழுதினே, கற்பனை பண்றதுக்கா உன்னை வெச்சிருக்கோம், வயசானவங்களை ஏமாத்தற கடைன்னு பேர் வாங்கிக் குடுத்துட்டியே என்று கத்தினான். நான் அங்கேயேதான் நாற்காலியில் உட்கார்ந்து தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தாள். பிறகு அவனிடம், நான் இன்னும் நல்லா விசாரிச்சிருக்கணும் சார், தப்பு என்னோடதுதான் என்றாள். மாதக் கடைசியோடு நின்றுவிடு என்று சொல்லிவிட்டான். நான் உறை மடித்துக்கொண்டே இருந்தேன்.

என்னைத் திட்டுவாய், திட்டு. ஆனால் கேள், என் மேல் பழி வந்துவிடும் என்று பயந்து நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. எனக்கு அவள் மேல் சந்தேகம்தான் வந்தது. எய்தவள் நான் நாற்காலியில் இருக்கிறேன், அம்பு நின்று அடி வாங்குகிறது. எதற்காக வாங்குகிறது? உலகத்தில் எவள் அடுத்தவள் செய்த தப்பைத் தலையில் போட்டுக்கொள்வாள்? தனியாக வந்து ஏதோ கேட்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று பார்த்தேன், அதுவும் இல்லை. எப்போதும் போல வந்தாள், மிச்சமிருந்த வேலையை முடித்துக்கொண்டிருந்தாள், எனக்கு மாத்திரை போட நேரமாகிவிட்டது என்றுகூட நினைவுபடுத்தினாள், அது இன்னும் எரிச்சலாக இருந்தது. கடைசியில் நானே கேட்டேன், ஏண்டி அன்னிக்கு நான்தான் சொன்னேன்னு சொல்லலே என்று. அவள் போனைக் கீழே வைத்துவிட்டு, உங்க பையன் முன்னாடி உங்களைப் பொய் சொல்றவங்கன்னு நான் எப்படிப் பாட்டி சொல்றது, நீங்களே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன் என்றாள். அழவில்லை, குரலும் உயரவில்லை. பஞ்சில் ஊசி இறங்குகிற மாதிரி இறங்கியது, சத்தமே இல்லை.

உனக்கு ஒன்று சொன்னதில்லை. சித்தப்பா நம்மோடு இருந்தபோது புது மெத்தை கேட்டவர் ஒருவருக்குப் பழைய பஞ்சைக் கலந்து அடைத்துக் கொடுத்துவிட்டார். வாங்கினவர் மெத்தையைக் கிழித்துத் தூக்கிக்கொண்டு வந்து கடை நடுவில் கொட்டினார். யார் அடைத்தது என்று உன் அப்பா கேட்டார். பஞ்சு அடித்தது நான், அடைத்தது சித்தப்பா. எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது. உன் சித்தப்பா கழுத்தைச் சொறிந்துகொண்டு மேலே விட்டத்தைப் பார்த்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. நான் இத்தனை வருஷம் அவரை மன்னிக்காததற்குத் துணிக்காரர் காரணம் இல்லையடி, அந்தக் கழுத்துச் சொறிதல்தான் காரணம். இப்போது அந்தப் பெண் இப்படிச் சொன்னதும் எனக்கு அன்று என் கையில் இருந்த உறைதான் கண் முன் வந்தது. அவர் சொறிந்தார், நான் மடித்தேன். அவரும் நானும் ஒரே வரிசையில் நிற்பதா? அதைவிட எனக்கு வேறு கேவலம் வேண்டியதில்லை.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்ததும் உன் தம்பியிடம் சொல்லிவிட்டேன், இலையைச் சொன்னது நான், சித்தப்பாவுக்கு வைத்த பொறி என்று. மருமகளுக்குச் சிரிப்பு தாங்காமல் புரையேறிவிட்டது, அத்தை நீங்க பொறி வெச்சதும் நீங்களே உள்ள போய் உட்கார்ந்துக்கிட்டீங்களே என்றாள். இதையும் நான் மறக்க மாட்டேன், குறித்து வைத்துக்கொள். உன் தம்பி சிரிக்கவில்லை. சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, அந்த இல்லத்து அம்மாகிட்ட நீங்கதான் பேசணும் என்றான். பேசினேன். இலை கிடையாது, இருந்திருந்தால் உங்கள் பெரியவர்கள் முகமெல்லாம் தடித்துப் போயிருக்கும், கிழவி வாய் தவறிச் சொன்ன பொய் என்றேன். வாய் தவறவில்லை என்று எனக்குத் தெரியும், அவளிடம் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றாள், இன்னும் சொல்லவில்லை. சொல்லாமலேயே போகலாம். இலைப் பேச்சை வெப்சைட்டில் இருந்து எடுத்தாகிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் தம்பிக்கு அவளை வைத்துக்கொள்ள மனம் இருக்கிறது, ஆனால் போ என்று சொன்ன வாயால் இரு என்று சொல்ல ரோஷம், அக்கா பார்த்து எடுத்த ஆள், அக்காவே சொல்லட்டும் என்று உன் பக்கம் தள்ளிவிட்டான். அந்தப் பெண்ணும் நிபந்தனை இல்லாமல் இருந்துவிடுவதாகச் சொல்லவில்லை. என் முகத்துக்கு நேராகவே சொன்னாள், நான் இருக்கறதா இருந்தா இனிமே பாட்டி சொல்றதை இன்னொருத்தரைக் கேட்டுத்தான் எழுதுவேன், முடிஞ்சா கண்ணால பார்த்துட்டு எழுதுவேன் என்று. என் கடையில், என் வீட்டில், என்னைப் பார்த்து! எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. நேற்று வந்து பஞ்சு எவ்வளவு நேரம் வெயிலில் காய வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன், எழுதிக்கொண்டாள், நன்றி பாட்டி என்றாள். படியிறங்கி நேராகத் தையல்காரரிடம் போய் அதையே கேட்கிறாள், ஜன்னலில் எனக்கு நன்றாகக் கேட்கிறது. அவர் நான் சொன்னதையே சொன்னார். அதுவும் போதாமல் பின்கட்டுக்குப் போய், காய்கிற பஞ்சுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். கோபமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் நினைத்துப் பார்த்தேன், அவள் இடத்தில் நான் இருந்தால் மூன்றாவதாக மருமகளையும் கேட்டிருப்பேன். என் பேச்சை அப்படியே நம்பின நாளில்தான் அவளால் கடைக்குக் கெடுதல் வந்தது. நம்பாமல் இருக்கப் பழகிவிட்டாள், இனிமேல் அவள் எழுதுவதை யார் வேண்டுமானாலும் நம்பிப் படிக்கலாம். அவளை வைத்துக்கொள்ளச் சொல். மெசேஜ் போடாதே, பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பான், கூப்பிட்டுப் பேசு. எழுதினதை மருமகள் படிக்காமல் எதையும் போடக் கூடாது என்றும் சேர்த்துச் சொல், அதை நான் சொன்னேன் என்று சொல்லாதே.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பேத்திக்கு என் முத்தம், அவள் போனை முகத்துக்கு அருகில் வைத்துப் பார்க்கிறாள், கண்ணுக்கு ஆகாது, வாங்கி வை. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள். எல்லாரும் நோய்நொடி இல்லாமல், நல்ல தூக்கத்தோடு நீண்ட நாள் இருக்க வேண்டும். முழங்காலோடு தபாலாபீஸ் வரை என்னால் நடக்க முடியாது, அதனால் இதை அந்தப் பெண்ணிடமே கொடுத்துப் போடச் சொல்லப் போகிறேன். கடித உறை ஒட்டிய இடத்தில் குறுக்கே பேனாவால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். கோடு விலகாமல் நேராக இருந்ததா என்று மறக்காமல் எழுது.

என்றைக்கும் உன் நல்லதையே நினைக்கும்,
அம்மா