டிசம்பர் 29 அன்று ஸ்ரீஜா உடுத்தியிருந்தது

17 நவம்பர் 2024
(இடம் எழுத அனுமதி இல்லை)

அன்புள்ள சாஹித்யாவுக்கு,

இது உன் கைக்கு வரும்போது ஸ்ரீஜாவுக்கு மூன்று மாதம் முடிந்திருக்கும். நான் மலைக்கு வந்து நாற்பது நாள். இருபது விரல்களும் இருக்கின்றன. இங்கே நலம் என்றால் அதுதான்.

போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், பாதியில் லைன் போகிறது. கடிதம் எழுதலாம் என்று நீ சொன்னது சரிதான். பத்து நாளுக்கு ஒருமுறை கீழ் முகாமுக்கு இறங்குவேன். தபாலும் நெட்வொர்க்கும் அங்கேதான்.

அங்கேயும் குளிர் ஆரம்பித்திருக்கும். குளிரைப் பற்றி எனக்குத் தெரியும், அதனால் கேள். ஒரே தடித்த ஸ்வெட்டர் போடுவது தப்பு. மூன்று அடுக்கு வேண்டும். உள்ளே பருத்தி, நடுவில் கம்பளி, மேலே காற்றுப் புகாதது. தலை, காது, கை, கால் எப்போதும் மூடியிருக்கட்டும்.

இங்கே ஜோடி முறை உண்டு. குளிர் கடித்தால் கடிபட்டவனுக்குத் தெரியாது, மரத்துவிடும். அதனால் மணிக்கு ஒருமுறை என் மூக்கையும் காதையும் சந்தீப் பார்ப்பான். அவனுடையதை நான் பார்ப்பேன். வெள்ளையாகியிருந்தால் சொல்ல வேண்டும். தன் முகம் தனக்குத் தெரியாது என்பதுதான் இங்கே முதல் பாடம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
தேவராஜ்


28 நவம்பர் 2024
சைனிக்புரி

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் பதினோரு நாள் எடுத்துக்கொண்டது. நீங்கள் அனுப்பிய குளிர் வழியிலேயே பாதி உருகிவிட்டது.

இங்கே விடியற்காலை பதினான்கு டிகிரி. பத்து மணிக்கு நல்ல வெயில். மதியம் ஃபேன் போடுகிறேன். டாக்டரிடம் கேட்டேன். நாம் போட்டிருப்பதைவிட ஒரு துணி அதிகம் போதும் என்றார். கையும் காலும் சில்லென்றுதான் இருக்கும், கழுத்தின் பின்புறம் தொட்டுப் பாருங்கள் என்றார். தூங்கும்போது குல்லா கூடாதாம். ஆனாலும் உங்கள் மூன்று அடுக்கை ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். கழுத்து மடிப்பில் வேர்க்குரு. நவம்பரில்.

ஸ்ரீஜாவின் காதுகளைப் பற்றி இந்தக் காலனியில் கருத்து இல்லாதவர்கள் யாரும் இல்லை. கீழ்வீட்டு அலமு மாமி படியிலேயே நிற்கிறார். “ஏண்டிம்மா, காதை மூட வேண்டாமோ? பனி நேரா மண்டைக்குள்ள எறங்கிடும்.” குளிப்பாட்ட வரும் யாதம்மா சாம்பிராணிப் புகையில் குழந்தையையும் என்னையும் சேர்த்து மூட்டம் போடுகிறாள். சனிக்கிழமை பேகம்பேட் ஆபீஸிலிருந்து நேராக இங்கே வரும் என் தங்கை சுபாஸ்ரீ மட்டும்தான் சிரிக்கிறாள். “டென்ஷன் நக்கோ அக்கா, அவங்க சொல்லட்டும், நீ ஹவ் ஹவ்னு தலையாட்டு.” தடுப்பூசிக்குப் போனபோது ஆட்டோக்காரர் வண்டியையே நிறுத்திவிட்டார். “கைக்கு மேடம், பச்சிக்கு டோபி நை?” ஏன் குழந்தைக்குத் தொப்பி இல்லை என்று. தொப்பி என் பையில் இருந்தது. வெளியே முப்பது டிகிரி.

போட்டோ அனுப்பச் சொன்னீர்கள். அனுப்பினேன். காலுறை எங்கே என்று கேட்டீர்கள். அவள் அதில் சிரித்துக்கொண்டிருந்தாள். இனி போட்டோ இல்லை. எழுதுகிறேன், படியுங்கள்.

சாஹி


9 டிசம்பர் 2024

அன்புள்ள சாஹித்யா,

டாக்டர் சொன்னால் சரி. ஆனால் டாக்டர் வீட்டுக்கு வந்து பார்ப்பதில்லை.

மஞ்சள் குல்லாவை யாதம்மாவின் பேத்திக்குக் கொடுத்துவிட்டாயாமே. அது நான் லே கடைவீதியில் வாங்கியது. காலை ஏழு மணிக்குப் பால்கனியில் குழந்தையோடு நிற்பது நல்லதல்ல. அந்த நேரத்தில்தான் காற்று.

யோசித்துப் பார்த்தேன். மாசி வரை ஸ்ரீஜா வேலூரில் விஜயகுமாரி அக்காவோடு இருக்கட்டும். அக்கா மூன்று பிள்ளை வளர்த்தவள். உனக்கும் ஓய்வு. நீ வேலைக்குத் திரும்புவதைப் பற்றி யோசிக்கலாம். கோபப்படாதே. உனக்காகத்தான் சொல்கிறேன்.

உன்
தேவராஜ்


18 டிசம்பர் 2024

உங்களுக்கு,

ஒரே ஒரு கேள்வி.

மஞ்சள் குல்லாவை டிசம்பர் 3 அன்று கொடுத்தேன். ஸ்ரீஜாவின் தலைக்கு அது சிறியதாகிவிட்டது. உங்களுக்குக் கடைசியாக எழுதியது நவம்பர் 28. உங்கள் கடிதத்தில் தேதி டிசம்பர் 9. இடையில் நாம் பேசவில்லை.

யார் சொன்னார்கள்?

மாமியின் கதவு நான் இறங்கும்போதெல்லாம் ஒரு சாண் திறந்திருக்கிறது. யாதம்மா குழந்தையின் சட்டையைக் கழற்றும்போது உள்ளே என்ன போட்டிருக்கிறேன் என்று எண்ணுகிறாள். முன்பும் எண்ணினாளா, இப்போதுதான் நான் பார்க்கிறேனா, தெரியவில்லை. பால்கனிக் கதவைத் திறக்கும் முன் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்கிறேன். குழந்தைக்கு உடை மாற்றும்போது அறைக் கதவைச் சாத்துகிறேன். என் வீட்டில், என் குழந்தைக்கு.

வேலூர் பற்றி: முடியாது. அவள் இன்னும் என்னிடம்தான் பால் குடிக்கிறாள்.

சாஹித்யா


27 டிசம்பர் 2024

அன்புள்ள சாஹித்யா,

யாரும் சொல்லவில்லை. குல்லாவைப் பற்றி நீதான் எழுதியிருந்தாய். மறந்துவிட்டாய். பிரசவத்துக்குப் பிறகு இப்படி மறதி வரும் என்கிறார்கள். அதனால்தான் ஓய்வு என்கிறேன்.

அக்காவுக்கு ஜனவரி 26 டிக்கெட் போட்டாகிவிட்டது. போக ஒன்று, வர ஒன்றரை. கைக்குழந்தைக்கு டிக்கெட் இல்லை என்று அக்கா சிரித்தாள்.

குழந்தைக்கு முத்தம்.

தேவராஜ்


5 ஜனவரி 2025
கீழ் முகாம்

சாஹித்யா,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்ரீஜாவுக்கு என்ன உடை போட்டிருந்தாய்?

ஒருவர் சொல்கிறார்: இரவெல்லாம் ஃபேன், காலையில் வெறும் பனியன். இன்னொருவர்: இரண்டு ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி, கையுறை, குழந்தை வேர்த்துக் கொட்டியும் கழற்றவில்லை. மூன்றாவது: தலை ஈரத்தோடு, உடம்பில் துணியே இல்லாமல் பால்கனியில்.

யாரோ பொய் சொல்கிறார்கள். யார்?

6 ஜனவரி. தொடர்கிறேன்.

நேற்று இதை மடித்து வைத்துவிட்டுப் படுத்தேன். மூன்று செய்தியையும் மறுபடி படித்தேன். மூன்றுமே “அக்கா சொன்னாள்”, “அவளே சொன்னா”, “அம்மா செப்பிந்தி” என்றுதான் இருக்கின்றன. யாரும் பார்க்கவில்லை.

அந்த அக்காவும் அம்மாவும் நீதான். நீதான் சொல்லியிருக்கிறாய். மூன்று பேருக்கு மூன்று விதமாக.

சரி. நான்தான் கேட்டேன். கிளம்பும் முன் மாமியிடம் நம்பர் கொடுத்தேன். யாதம்மாவின் மகன் போனுக்கும் கொடுத்தேன். சுபாஸ்ரீயிடமும் சொன்னேன். அவள் முதலில் மாட்டேன் என்றாள். குல்லாவைப் பற்றி நீ எழுதவில்லை. பொய் சொன்னேன். உனக்கு மறதி என்று எழுதியது அதைவிடப் பெரிய தப்பு.

செப்டம்பரில் ஒரு நாள். ஸ்ரீஜா கட்டிலில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். நீ பால்கனியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். இருபது நிமிடம். உன் முகம் எனக்குத் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகை இங்கே கொண்டு வந்துவிட்டேன். பக்கத்தில் நான் இல்லை. உன் மூக்கு வெள்ளையானால் சொல்ல யாரும் இல்லை. அதனால் மூன்று பேரை நிறுத்தினேன்.

இவ்வளவு செய்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை என் பெண் என்ன உடுத்தியிருந்தாள் என்று எனக்குத் தெரியாது.

தேவராஜ்


15 ஜனவரி 2025
சைனிக்புரி

உங்களுக்கு,

இரண்டு கடிதமும் நேற்று ஒன்றாக வந்தன. பொங்கலன்று. பொய்யை முதலில் படித்தேன். தேதி வரிசைப்படி.

எழுதும் ஒவ்வொரு கடிதத்தையும் ஒட்டும் முன் போட்டோ எடுத்து வைக்கிறேன். ஆனாலும் உங்கள் வரியைப் படித்ததும் எழுந்து போய் நவம்பர் கடிதத்தைத் திறந்து பார்த்தேன். ஒருவேளை எழுதியிருப்பேனோ என்று. நீங்கள் எனக்குச் செய்தது அதுதான். மற்றதெல்லாம் பிறகு.

மாமி சொல்வார் என்று நினைத்தேன். யாதம்மா சொல்லலாம் என்று நினைத்தேன். சுபாவிடம் சொன்னது அவளைப் பிடிக்க அல்ல. அவள் மேல் சந்தேகம் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள. இரண்டு ஸ்வெட்டர், கையுறை, வேர்வை. அது அவளுக்காகச் செய்த பொய். அவள் சிரிப்பாள் என்று பார்த்துப் பார்த்துச் செய்தது.

சனிக்கிழமை அவள் வரும்போது கேட்பேன் என்றுதான் இருந்தேன். இன்று புதன், அவளே வந்துவிட்டாள். உங்கள் பெயரை எடுத்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் அழுதாள். “மாமா பயமுறுத்திட்டாருக்கா. நீ ஏதாவது பண்ணிக்குவேன்னு சொன்னாரு. நான் என்ன செய்ய?” உள்ளே வா என்றேன். வந்தாள். குழந்தையைத் தூக்கும் முன் என்னைப் பார்த்தாள், தூக்கட்டுமா என்று. இனி அவள் அப்படித்தான் பார்ப்பாள் போல.

மாமியிடம் கேட்கவில்லை. அவர் கதவு இன்றும் ஒரு சாண் திறந்திருந்தது. பொங்கல் கொடுத்தேன். “கொழந்தைக்கு ஆகுமோ, நெய் ஜாஸ்தி” என்றார். குழந்தை பொங்கல் சாப்பிடாது மாமி என்றேன்.

செப்டம்பர் பற்றி. நீங்கள் கதவுக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரியும். கண்ணாடியில் உங்கள் சட்டை தெரிந்தது. டாக்டர்தான் சொல்லியிருந்தார், தாங்க முடியாதபோது குழந்தையைப் பத்திரமான இடத்தில் கிடத்திவிட்டு அறையை விட்டு வெளியே போய் மூச்சு விடு என்று. நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் வருவீர்கள் என்று நின்றேன். இருபது நிமிடமும் அதற்காகத்தான்.

உங்கள் ஜோடி முறையைப் பற்றி யோசித்தேன். சந்தீப் உங்கள் மூக்கை எங்கே நின்று பார்க்கிறான்? எதிரில். பார்த்ததை யாரிடம் சொல்கிறான்? உங்களிடம். நீங்களும் அவனுடையதைப் பார்க்கிறீர்கள். என் விஷயத்தில் பார்க்கப்பட்டது நான், சொல்லப்பட்டது உங்களுக்கு. உங்கள் முகத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நீங்கள் அங்கே பயந்துபோயிருக்கிறீர்கள் என்பதே எனக்கு நேற்றுதான் தெரியும்.

எத்தனை அடுக்கு என்று எனக்குச் சொன்னீர்கள். என்ன போட்டிருக்கிறாள் என்று மற்றவர்களைக் கேட்டீர்கள். என்னைக் கேட்டது ஜனவரி 5 அன்று, அதுவும் பொய்யைக் கண்டுபிடிக்க.

சரி, பதில். டிசம்பர் 29. பதின்மூன்று டிகிரி. அவள் லங்கோடு மட்டும் கட்டியிருந்தாள். நான் ஜாக்கெட் பட்டனைக் கழற்றி அவளை நெஞ்சோடு போட்டுக்கொண்டேன். மேலே உங்கள் பழைய சாம்பல் நிறச் சால்வை, இரண்டு பேருக்கும் சேர்த்து. முகம் வெளியே. நான் விழித்திருந்தேன். கழுத்தின் பின்புறம் கதகதப்பாக இருந்தது. கதவு சாத்தியிருந்தது. ஒன்பது மணி வரை அப்படியே.

யாரும் பார்க்கவில்லை. என் சொல்லைத் தவிர சாட்சி இல்லை.

அக்காவின் டிக்கெட் 26. இந்தக் கடிதம் 24 வாக்கில் கீழ் முகாமுக்கு வந்துவிடும். அக்கா வந்தால் சோறு போடுவேன், பேசுவேன். குழந்தையைக் கொடுக்க மாட்டேன். அதன்பிறகு உங்களுக்குக் கடிதம் எழுதவும் மாட்டேன்.

சாஹித்யா


24 ஜனவரி 2025
கீழ் முகாம்

சாஹி,

அக்காவுக்குப் போன் செய்தேன். டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னேன். “என்னடா, அவ மயக்கிட்டாளா?” என்றாள். தப்பு என்னுடையது என்றேன். சந்தேகமாக இருந்தால் அவளையே கேட்டுக்கொள்.

இடது காது ஓரம் வெள்ளையாகியிருந்தது, சந்தீப் பார்த்துச் சொன்னான். இப்போது பரவாயில்லை. இதை உனக்கு எழுதாமல் இருந்திருப்பேன்.

பயமாகத்தான் இருக்கிறது. குளிருக்கு மட்டுமல்ல.

இன்று ஸ்ரீஜா என்ன உடுத்தியிருக்கிறாள்? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். பதில் வரப் பத்து நாளாகும், அதற்குள் அது வேறு உடையாகியிருக்கும். பரவாயில்லை, எழுது. நீ என்ன உடுத்தியிருக்கிறாய் என்றும்.

மாமி நேற்று ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். நீளமானது. திறக்காமல் அழித்துவிட்டேன். சந்தீப் டீ எடுக்கப் போயிருந்தான், பக்கத்தில் யாரும் இல்லை.

தேவராஜ்